ஆர்.என்.ஏ. பாலிமரேஸின் வாலில் ஏறும் பாஸ்பேட்

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்கு வரும் கூடுகளின் இழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஃபைப்ராயின் என்ற புரதம். மீதி, அதன்மேல் பசையாகப் படிந்த செரிசின். ஃபைப்ராயினிலும் எடையில் பெரும்பகுதி கனச்சங்கிலி என்ற ஒரே புரதம். அதற்கு மரபணுவும் ஒன்றுதான். யோஷியாக்கி சுசுகியும் டொனால்ட் பிரவுனும் 1972-ல் இந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வுகளில் கிடைத்த கணக்கு இன்னும் பாடநூல்களில் வருகிறது: பட்டுச் சுரப்பியில் இந்த மரபணுவின் ஒரு பிரதி நான்கு நாளில் சுமார் 10,000 தூது ஆர்.என்.ஏ. கொடுக்கும். ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.வும் சுமார் 1 லட்சம் புரத மூலக்கூறு கொடுக்கும். ஆக மொத்தம் 100 கோடி.

நான்கு நாளை 10,000-ஆல் வகுத்தால், ஏறத்தாழ 35 விநாடிக்கு ஒரு படி (மரபணுவின் ஆர்.என்.ஏ. நகல்) புறப்பட வேண்டும். மரபணுவின் நீளம் சுமார் 17,000 எழுத்து. நிமிடத்துக்கு 2,000 எழுத்து வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொண்டாலும் ஒரு படி முடிய எட்டரை நிமிடம் ஆகும். அப்படியானால் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஒரே மரபணுவின் மேல் சுமார் 15 பாலிமரேஸ்கள் (டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. கோக்கும் நொதிகள்) வரிசையாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதே புழுவின் குடல் செல்லிலும் தசை செல்லிலும் அதே மரபணு, ஒரு எழுத்து குறையாமல், சும்மா கிடக்கிறது. சுரப்பியிலேயே கூட, புழு தோலுரிக்கும் நேரத்தில் படியெடுப்பு நின்றுவிடுகிறது. தோலுரித்து இலை தின்னத் தொடங்கியதும் மறுபடி ஆரம்பிக்கிறது.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த மரபணுவின் வாசலில் பாலிமரேஸ் வந்து உட்கார வேண்டும் என்பது முதல் கேள்வி. மரபணுவின் வாசலான புரமோட்டர், அதைத் தூண்டிவிடும் டி.என்.ஏ. துண்டான என்ஹான்சர், அவற்றில் ஒட்டும் படியெடுப்புக் காரணிகள் எல்லாம் அதற்கான பதில். உட்கார்ந்த பாலிமரேஸ் எப்போது புறப்படும், எங்கே நிற்கும், எப்போது முழு ஓட்டம் எடுக்கும், எப்படி இறங்கும் என்பது இரண்டாவது கேள்வி. புரதத்தில் பாஸ்பேட் ஏற்றும் பாஸ்பாரிலேஷனின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டாவதில். தேர்வுத்தாள்களில் இரண்டையும் ஒன்றாக்கி, ‘பாஸ்பேட் ஏறினால் மரபணு விழிக்கும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்தப் பாஸ்பேட், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று சொல்லாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பெண் கொடுக்க ஒன்றுமில்லை.

வாலின் அமைப்பு

விலங்கு செல்லில் மூன்று வகை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள் உண்டு என்று 1969-ல் ரோடரும் ரட்டரும் காட்டினார்கள். முதலாவது பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களையும், மூன்றாவது டி-ஆர்.என்.ஏ. போன்ற சிறியவற்றையும் எடுக்கும். புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ. எல்லாம் இரண்டாவதன் பொறுப்பு. இந்த பாலிமரேஸ்-2 பன்னிரண்டு துணைப்புரதங்கள் சேர்ந்த கூட்டு. அதில் பெரியது ஆர்.பி.பி.1. அதன் கடைசி முனையில், மற்ற இரண்டு பாலிமரேஸ்களுக்கும் இல்லாத ஒரு நீண்ட வால் தொங்குகிறது. ஆய்வகத்தில் இதை சி.டி.டி. என்பார்கள்.

வாலின் வரிசை விசித்திரமானது. டைரோசின், செரின், புரோலின், திரியோனின், செரின், புரோலின், செரின் என்ற ஏழு அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பேக்கரி ஈஸ்டில் 26 முறை, மனிதனில் 52 முறை. மனித வாலில் 21 மட்டுமே அச்சு மாறாத ஏழு. மற்றவற்றில் ஒன்றிரண்டு எழுத்து பிசகியிருக்கும், பெரும்பாலும் ஏழாவது இடத்தில். முழுதாக நீட்டினால் மனித வால் 120 நானோமீட்டர் வரை போகும். பாலிமரேஸின் உடலோ 15 நானோமீட்டர் அளவுதான். இவ்வளவு நீளமாக இருந்தும், ரோஜர் கோர்ன்பெர்க் குழு எடுத்த பாலிமரேஸின் படிக வடிவத்தில் (அந்த வேலைக்கு 2006-ல் வேதியியல் நோபல்) வால் தெரியாது. நிலையான வடிவம் இல்லாமல் அலைந்துகொண்டே இருப்பதால் எக்ஸ்-கதிரில் அது பதிவதில்லை.

ஏழில் ஐந்து எழுத்துகளில் பாஸ்பேட் ஏற ஹைட்ராக்சில் முனை உண்டு: டைரோசின்-1, செரின்-2, திரியோனின்-4, செரின்-5, செரின்-7. கைனேஸ் என்ற நொதி, ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட்டைப் பிடுங்கி இந்த முனையில் வைக்கும். பாஸ்படேஸ் அதைக் கழற்றும். ஒரு பாஸ்பேட் என்பது 80 டால்டன் எடையும், செல்லின் பி.எச்.சில் கிட்டத்தட்ட இரண்டு எதிர்மின் சுமையும். மின்சுமையே இல்லாமல் இருந்த வாலில் இப்படி ஐம்பது இடத்தில் ஏறினால் வால் விறைத்து விரியும். அதோடு ஒட்டும் புரதங்களின் பட்டியலும் மாறிவிடும்.

முக்கியமானது அந்தப் பட்டியல்தான். டி.என்.ஏ.வைப் படித்து எழுத்துக்கு எழுத்து ஆர்.என்.ஏ. கோக்கும் வேதிவினை பாலிமரேஸின் உடலுக்குள் நடக்கிறது. வாலுக்கு அதில் பங்கு இல்லை. வாலை வெட்டி எடுத்த பாலிமரேஸ், தூய்மைப்படுத்திய காரணிகளோடு சோதனைக் குழாயில் சில புரமோட்டர்களில் படியெடுக்கவும் செய்யும். செல்லுக்குள் வாலை முழுதாக வெட்டினால் செல் செத்துப்போகும். ஈஸ்ட் உயிர் பிழைக்கவே சுமார் எட்டு மடிப்புகளாவது (திரும்ப வரும் ஏழெழுத்துத் தொடர்களாவது) வேண்டும். எந்திரத்துக்கு வேண்டாத வால் செல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவசியம்? ஒவ்வொரு கட்டத்திலும் பாலிமரேஸுக்கு வேறு வேறு உதவியாளர்கள் வேண்டும். யார் வர வேண்டும், யார் போக வேண்டும் என்பதை வாலில் உள்ள பாஸ்பேட்டின் இடம் தீர்மானிக்கிறது.

புறப்பாடு: செரின்-5

புரமோட்டருக்கு வரும்போது பாலிமரேஸின் வால் வெறுமையாக இருக்க வேண்டும். வெறும் வாலைத்தான் மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டம் பிடித்துக்கொள்ளும். என்ஹான்சரில் உட்கார்ந்த காரணிகளின் செய்தி மீடியேட்டர் வழியாகத்தான் பாலிமரேஸை எட்டுகிறது. இதோடு டி.எஃப்.டூ.எச். என்ற பத்துப் புரதக் கூட்டு வந்து சேரும். இது ஏ.டி.பி.யை இரண்டு தனித்தனி வேலைக்குச் செலவழிக்கிறது. மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. எக்ஸ்.பி.பி. என்ற துணைப்புரதம் ஏ.டி.பி.யை எரித்து டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரிக்கும். சி.டி.கே.7 என்ற கைனேஸ் இன்னொரு ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து வாலின் செரின்-5-லும் செரின்-7-லும் ஏற்றும். மீடியேட்டர் பக்கத்தில் இருந்தால் இந்தக் கைனேஸ் கூடுதல் வேகத்தில் வேலை செய்யும்.

செரின்-5-ல் பாஸ்பேட் ஏறியதும் மீடியேட்டரின் பிடி தளர்கிறது. பாலிமரேஸ் புரமோட்டரை விட்டு நகர்கிறது. அதே பாஸ்பேட் புதிய ஆளையும் கூப்பிடுகிறது: ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் கேப் என்ற மூடியைப் போடும் நொதி. புதிய ஆர்.என்.ஏ. 20 முதல் 25 எழுத்து நீளம் வளரும்போதுதான் அதன் முன்முனை பாலிமரேஸின் வெளிவாயிலில் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் கேப் நொதி வாயிலருகிலேயே காத்திருக்க வேண்டும். தாமதமானால் மூடாத முனையை ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் பிடித்துக்கொள்ளும். செரின்-5 பாஸ்பேட்டில் கேப் நொதி ஒட்டுவதால் சரியான ஆள் சரியான வாயிலில் நிற்கிறது. பாலிமரேஸ்-2 எடுக்கும் ஆர்.என்.ஏ.க்களுக்குக் கேப் கிடைப்பதற்கும், மற்ற பாலிமரேஸ்கள் எடுக்கும் ஆர்.என்.ஏ.க்களுக்குக் கிடைக்காததற்கும் காரணம் இதுவே.

இந்த ஏற்பாட்டை இன்ஃப்ளூயன்சா வைரஸ் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அதற்குச் சொந்தமாகக் கேப் போடத் தெரியாது. செரின்-5-ல் பாஸ்பேட் ஏறிய வாலில் வைரஸின் பாலிமரேஸ் ஒட்டிக்கொண்டு, புதிதாகக் கேப் போட்ட நமது ஆர்.என்.ஏ.வின் முதல் 10-13 எழுத்தை வெட்டி எடுத்துத் தன் படிக்குத் தலையாக வைத்துக்கொள்கிறது.

நிறுத்தம்: பி-டெஃப்-பி வரும்வரை

பள்ளியில் தொடக்கம், நீட்சி, முடிவு என்று மூன்று கட்டமாகப் படித்திருப்போம். முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு நிறுத்தம் இருப்பது விலங்கு மரபணுக்களில் பெரிய விஷயம். பாலிமரேஸ் புறப்பட்டு 20 முதல் 60 எழுத்துக்குள் நின்றுவிடுகிறது. கையில் குட்டி ஆர்.என்.ஏ., முனையில் கேப், ஆனால் ஓட்டம் இல்லை. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் என்ஜினை அணைக்காமல் ஃபாஸ்டேக் படியக் காத்திருக்கும் லாரியை நினைத்துக்கொள்ளலாம். வழியை அடைத்திருப்பது இரண்டு புரதக் கூட்டுகள், நெல்ஃப் ஒன்று, டி.எஸ்.ஐ.எஃப். இன்னொன்று.

இந்த நிறுத்தத்தைத் தெளிவாகக் காட்டியது பழ ஈயின் எச்.எஸ்.பி.70 மரபணு, வெப்பத்தில் உருக்குலையும் புரதங்களைக் காக்கும் புரதத்துக்கானது. 25 டிகிரியில் வளரும் ஈயில் இந்த மரபணு அமைதியாகத் தெரியும். ஆனால் 1980-களில் ஜான் லிஸ் குழு பார்த்தபோது, அமைதியான அந்த மரபணுவிலும் ஒரு பாலிமரேஸ் ஏற்கெனவே ஏறி, கொஞ்ச தூரம் ஓடி, நின்றுகொண்டிருந்தது. வெப்பத்தை 36-37 டிகிரிக்கு ஏற்றினால் சில நிமிடத்தில் அது கிளம்பிவிடும். புதிதாக எல்லாவற்றையும் கூட்டி உட்கார வைக்க நேரம் கிடையாது. உருக்குலையும் புரதங்களை உடனே காப்பாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வளர்ப்பு மனை 30 டிகிரியைத் தாண்டினால் பட்டு விவசாயிகள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஓடுவார்கள். புழுவின் செல்களுக்குள்ளும் அந்த நேரத்தில் எச்.எஸ்.பி. மரபணுக்கள் இதே அவசரத்தில் எழுகின்றன.

வழியைத் திறப்பது பி-டெஃப்-பி என்ற கைனேஸ்: சி.டி.கே.9-உம் சைக்ளின்-டி-யும் (ஆங்கில எழுத்து T) சேர்ந்த ஜோடி. அது ஒரே வருகையில் மூன்று இடத்தில் பாஸ்பேட் வைக்கிறது. நெல்ஃபில் வைத்தால் நெல்ஃப் கழன்று போகும். டி.எஸ்.ஐ.எஃப்.-இன் ஒரு பாதியான எஸ்.பி.டி.5-ல் வைத்தால், அதுவரை தடையாக இருந்த அதே புரதம் ஓட்டத்துக்குத் துணையாக மாறிவிடும். மூன்றாவது, பாலிமரேஸின் வால். நிறுத்தத்தை விடுவிப்பதில் முதல் இரண்டும்தான் நேரடிப் பங்கு வகிக்கின்றன. ஆகவே ‘வாலில் செரின்-2 பாஸ்பேட் ஏறியதால் பாலிமரேஸ் கிளம்பியது’ என்று எழுதுவது பாதி உண்மை.

இன்னொரு நெருடல். சி.டி.கே.9-ஐ ‘செரின்-2 கைனேஸ்’ என்று பாடநூல்கள் எழுதிப் பழகிவிட்டன. தூய்மைப்படுத்திச் சோதனைக் குழாயில் பார்த்தால் அது செரின்-5-ஐத்தான் அதிகம் விரும்புகிறது. செரின்-7-ல் ஏற்கெனவே பாஸ்பேட் இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. செல்லில் சி.டி.கே.9-ஐ முடக்கினால் செரின்-2 பாஸ்பேட் குறைவது உண்மை. ஆனால் பாலிமரேஸ் மரபணுவின் உள்ளே போகவே முடியாததால், உள்ளே இருந்துதான் அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் சி.டி.கே.12, சி.டி.கே.13 ஆகியவற்றுக்கும் வேலை இல்லாமல் போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஒரு கைனேஸைத் தடுத்ததும் ஒரு பாஸ்பேட் குறைந்தால், அதை வைத்தது அந்தக் கைனேஸ்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது.

பி-டெஃப்-பி செல்லில் எப்போதும் கட்டவிழ்ந்து திரிவதில்லை. பெரும்பகுதி 7எஸ்.கே. என்ற சிறு ஆர்.என்.ஏ.வோடும் ஹெக்சிம்-1 என்ற புரதத்தோடும் கட்டப்பட்டு, கைனேஸ் வேலை செய்யாத நிலையில் இருப்பு வைக்கப்பட்டிருக்கும். தேவையான மரபணுவில் தேவையான நேரத்தில் அவிழ்த்து விடப்படும். எச்.ஐ.வி. கை வைப்பது இங்கேதான். டாட் என்ற வைரஸ் புரதம் இல்லாவிட்டால், வைரஸின் மரபணுத் தொகுதியில் ஏறிய நமது பாலிமரேஸ் சுமார் 60 எழுத்திலேயே நின்று குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ.க்களைத்தான் தரும். அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வின் மடிப்பான டார் என்ற முடிச்சில் டாட் வந்து ஒட்டி, கையோடு பி-டெஃப்-பி.யை இழுத்து வருகிறது. பிறகு முழு நீளப் படிகள் கொட்டும்.

ஓட்டமும் இறக்கமும்

மரபணுவின் உடலில் பாலிமரேஸ் நிமிடத்துக்கு 1,000 முதல் 4,000 எழுத்து ஓடும். 22 லட்சம் எழுத்துக்கு மேல் நீளமுள்ள மனித டிஸ்ட்ரோஃபின் மரபணுவைக் கடக்க சுமார் 16 மணி நேரம் ஆகும். இந்த நெடும் ஓட்டத்தில் செரின்-5 பாஸ்பேட் படிப்படியாகக் குறைகிறது. செரின்-2 பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிறது. ஈஸ்டில் தொடக்கத்திலிருந்து 600 முதல் 1,000 எழுத்துக்குள் செரின்-2 அளவு உச்சத்தை எட்டிவிடும். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தில் குறியிடும் நொதிகளும் இந்த மாற்றத்தைப் பார்த்தே வருகின்றன: தொடக்கத்தில் செரின்-5-ஐப் பிடித்து செட்-1, உள்ளே இரண்டு பாஸ்பேட்டும் சேர்ந்த வாலைப் பிடித்து செட்-2.

சி.டி.கே.12 கெட்டுப்போனால் நீளமான மரபணுக்கள் முதலில் அடிவாங்கும். பிறகு வெட்டி நீக்கப்படும் பகுதியான இன்ட்ரானுக்குள் இருக்கும் போலி முடிவுக் குறிகளில் படி அறுந்துபோகும். டி.என்.ஏ. பழுது நீக்கும் மரபணுக்கள் பல இப்படி நீளமானவை. சினைப்பைப் புற்றுநோயில் சி.டி.கே.12 பிறழ்வு கிடைப்பது இதனால்தான் கவனம் பெறுகிறது.

மரபணுவின் இறுதியில் ஏ.ஏ.யு.ஏ.ஏ.ஏ. என்ற குறி ஆர்.என்.ஏ.வில் எழுதப்பட்டதும், அதற்கு 10 முதல் 30 எழுத்து தள்ளி வெட்டு விழும். ஆர்.என்.ஏ.வின் முனையில் ஏ எழுத்துகள் மட்டுமே கொண்ட பாலி-ஏ வால் சேரும். வெட்டும் கூட்டத்தைச் சேர்ந்த பி.சி.எஃப்.11 என்ற புரதம் செரின்-2 பாஸ்பேட் உள்ள வாலில் ஒட்டும். செரின்-2 பாஸ்பேட் ஏறுவதற்குத் தூரம் வேண்டும் என்பதால், தொடக்கத்திலேயே வெட்டுக் கூட்டம் வந்து குழப்பாமல் இருக்கிறது. வெட்டு விழுந்த பிறகு பின்னால் தொங்கும் ஆர்.என்.ஏ.வை எக்ஸ்.ஆர்.என்.2 என்ற நொதி தின்றுகொண்டே துரத்தி வந்து பாலிமரேஸை இறக்கும். ஓடும் பாலிமரேஸைப் பிடிக்க அதன் வேகம் குறைய வேண்டும், பி.பி.1 என்ற பாஸ்படேஸ் எஸ்.பி.டி.5-இன் பாஸ்பேட்டைக் கழற்றி அதைச் செய்கிறது.

இறங்கிய பாலிமரேஸ் மறுபடி புரமோட்டருக்குப் போக வால் வெறுமையாக வேண்டும். செரின்-5, செரின்-7 பாஸ்பேட்டை எஸ்.எஸ்.யு.72 கழற்றும், செரின்-2 பாஸ்பேட்டை எஃப்.சி.பி.1 கழற்றும். எஸ்.எஸ்.யு.72-க்கு ஒரு பிடிவாதம் உண்டு. செரின்-5-க்கு அடுத்த புரோலின் சிஸ் வடிவத்தில் திரும்பியிருந்தால்தான் தொடும். பெரும்பாலான புரோலின்கள் டிரான்ஸ் வடிவில் இருப்பதால், அவற்றைத் திருப்பிவிடும் பின்-1 போன்ற நொதிகளும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. கைனேஸை மட்டும் பார்த்து பாஸ்படேஸை மறந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்: பாஸ்பேட் கழலாத பாலிமரேஸ் அடுத்த சுற்றுக்கு உதவாது.

டைரோசின்-1, திரியோனின்-4 இரண்டைப் பற்றியும் இன்னும் தெளிவு குறைவு. ஈஸ்டில் டைரோசின்-1 பாஸ்பேட், முடிவுக் காரணிகள் நடுவழியில் ஒட்டாமல் தடுக்கிறது என்ற அளவில் விட்டுவிடலாம்.

பால்நோய் வைரஸ் தரும் சாட்சி

வாலின் வேலை ஆள் சேர்ப்பதே என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று வளர்ப்பு மனையிலேயே இருக்கிறது. கிராசரி எனப்படும் பால்நோய் பட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: கணுக்கள் வீங்கி, புழு தட்டின் ஓரத்தில் அலையும், தோல் கிழிந்தால் பால் போல வெண்ணீர் வடியும். அந்த வெண்மை, பாலிஹெட்ரா எனப்படும் வைரஸ் படிகங்கள். காரணம் பேக்குலோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ்.

இந்த வைரஸ் தன் முதல் கட்ட மரபணுக்களுக்குப் புழுவின் பாலிமரேஸ்-2-ஐயே பயன்படுத்துகிறது. பிந்தைய கட்டத்தில், பாலிஹெட்ராவுக்கான புரதம் மலைமலையாக வேண்டும்போது, தன் சொந்த பாலிமரேஸுக்கு மாறிக்கொள்கிறது. அது நான்கே புரதம் கொண்டது: லெஃப்-4, லெஃப்-8, லெஃப்-9, பி-47. பன்னிரண்டுக்கு நான்கு, மடிப்பு வால் கிடையாது. வால் இல்லையென்றால் கேப் நொதியை யார் கூப்பிடுவது? லெஃப்-4 தானே கேப் போடும் நொதி! கூப்பிட வேண்டிய ஆளைப் பாலிமரேஸின் உடலிலேயே சேர்த்துக் கட்டிவிட்டது வைரஸ். பாலி-ஏ சேர்ப்பதையும் இந்தப் பாலிமரேஸே பார்த்துக்கொள்கிறது. ஆர்.என்.ஏ. கோப்பதற்கு வால் தேவையில்லை. கூட ஆள் வருவதற்குத்தான் தேவை என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது. இந்த எளிய ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு: நிறுத்தி வைப்பது, இடத்துக்கு இடம் ஆள் மாற்றுவது போன்ற நுட்பமான கட்டுப்பாடுகளுக்கு இதில் இடமில்லை. சில நாளில் புழுவைக் கொன்றுவிட்டுப் போகும் வைரஸுக்கு அவை தேவையும் இல்லை.

மருந்துகளும் நஞ்சுகளும் எங்கே அடிக்கின்றன

அமானிட்டா காளானின் ஆல்ஃபா-அமானிட்டின் பாலிமரேஸ்-2-இன் உடலிலேயே ஒட்டி எந்திரத்தை முடக்கும். வைரஸின் நான்கு புரதப் பாலிமரேஸை அது தொடாது. அந்த வேறுபாட்டை வைத்துத்தான் பிந்தைய வைரஸ் மரபணுக்களை வேறு பாலிமரேஸ் எடுக்கிறது என்றே முதலில் தெரிந்தது. டிரிப்டோலைடு, டி.எஃப்.டூ.எச்.-இல் உள்ள எக்ஸ்.பி.பி.யைத் தடுக்கும், டி.என்.ஏ. திறக்காது. ஃபிளேவோபிரிடால் சி.டி.கே.9-ஐத் தடுக்கும்: பாலிமரேஸ் ஏறும், கொஞ்சம் ஓடும், நிறுத்தத்தை மட்டும் தாண்டாது. இதன் மூலப்பொருளான ரோஹிட்டுகின், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் டைசாக்சைலம் இன மரத்திலிருந்து கிடைப்பது. இரத்தப் புற்றுநோயில் இந்த மருந்தைச் சோதித்ததன் தர்க்கம் எளிது: ஆயுள் குறைந்த தூது ஆர்.என்.ஏ.க்களை நம்பி உயிர் வாழும் செல்கள், படியெடுப்பு சில மணி நேரம் தடைப்பட்டாலே தடுமாறும். சாதாரண செல்லுக்கும் அதே பாலிமரேஸ்தான் என்பதால் பக்கவிளைவு கடுமை.

பாஸ்பேட்டை அளப்பதில் வரும் சிக்கல்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிப்பவர்கள் பலர் புராஜெக்டுக்கு ஓசூரைத் தாண்டி பெங்களூரு ஆய்வகங்களுக்குப் போகிறார்கள். அங்கே கையில் கிடைக்கும் முதல் வேலைகளில் ஒன்று, புரதத்தை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் வெஸ்டர்ன் பிளாட். பாலிமரேஸ் வாலுக்கு அது சாதாரண பிளாட் மாதிரி வராது.

செல்லை உடைத்த நொடியிலிருந்து பாஸ்படேஸ்கள் வேலையைத் தொடங்கிவிடும். பஃபரில் சோடியம் ஃபுளோரைடு 50 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார், சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார் வேண்டும். வனடேட்டை பி.எச். 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறியபின் மறுபடி பி.எச். பார்த்துப் பயன்படுத்த வேண்டும். மஞ்சளாக இருக்கும் வனடேட் சரியாக வேலை செய்யாது. டி.டி.டி. அதைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் ஒரே உடைப்பு பஃபரில் சேர்க்கக் கூடாது. இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால் செல்லை நேராகக் கொதிக்கும் எஸ்.டி.எஸ். சாம்பிள் பஃபரில் போட்டு 95 டிகிரியில் 5 நிமிடம் வைப்பது நல்லது. டி.என்.ஏ. கோந்து போல இழுக்கும். மெல்லிய ஊசியில் பத்துப் பதினைந்து முறை இழுத்துத் தள்ளினால் சரியாகும்.

ஜெல் 6 சதவீதம் போதும். பாஸ்பேட் இல்லாத ஆர்.பி.பி.1 சுமார் 220 கிலோடால்டனிலும், முழுதாக ஏறியது சுமார் 240-லும் நிற்கும். முன்னதை டூ-ஏ என்றும், பின்னதை டூ-ஓ என்றும் சொல்வார்கள். மடிப்புக்கு ஒன்று வீதம் ஏறினாலும் 52 பாஸ்பேட்டின் எடை 4 கிலோடால்டன் சொச்சம்தான். மீதி இடைவெளி, மின்சுமை ஏறி வால் விரிந்து ஜெல்லில் மெதுவாக நகர்வதால் வருவது. இரண்டு பட்டையும் பிரிய வேண்டுமானால் 100 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லின் அடியை எட்டும்வரை ஓட்ட வேண்டும். பெரிய புரதம் என்பதால் மெத்தனாலை 10 சதவீதமாகக் குறைத்து, 4 டிகிரியில் இரவு முழுக்க மாற்றுவது பாதுகாப்பு. அரைமணி நேர மாற்றத்தில் டூ-ஓ பட்டை ஜெல்லிலேயே தங்கிவிட்டு, ‘பாஸ்பாரிலேஷன் குறைந்தது’ என்ற பொய் முடிவைத் தரும்.

பிளாக் செய்யப் பால் பவுடர் வேண்டாம்; பாலின் கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கறுக்கும். 5 சதவீத பி.எஸ்.ஏ., கூடவே பி.பி.எஸ்.க்குப் பதிலாக டி.பி.எஸ்.

ஆன்டிபாடியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய கட்டுரைகளில் வரும் எச்-5 செரின்-2 பாஸ்பேட்டுக்கும், எச்-14 செரின்-5 பாஸ்பேட்டுக்கும் உரியவை. இரண்டும் ஐ.ஜி.எம். வகை. ஐ.ஜி.ஜி.க்கான இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டுவிட்டுப் பட்டையே வரவில்லை என்று தவிப்பது வழக்கமான காட்சி. டி.என்.ஏ.வில் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் சிப் சோதனையில் புரோட்டீன்-ஏ, புரோட்டீன்-ஜி மணிகளும் ஐ.ஜி.எம்.மைச் சரியாகப் பிடிக்காது. நடுவில் ஒரு இணைப்பு ஆன்டிபாடி வேண்டும். இப்போது எலியில் எடுத்த ஐ.ஜி.ஜி. வகைகள் (செரின்-5-க்கு 3-ஈ-8, செரின்-2-க்கு 3-ஈ-10) கிடைப்பதால் அவற்றை எடுப்பதே மேல். மொத்தப் பாலிமரேஸை அளக்க 8-டபிள்யூ.ஜி-16-ஐப் பயன்படுத்துவதும் தவறு. அது பாஸ்பேட் இல்லாத வாலைத்தான் அதிகம் விரும்பும். ஆர்.பி.பி.1-இன் முன்முனையைப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும்.

பக்கத்து எழுத்தில் இன்னொரு பாஸ்பேட் ஏறினால் ஆன்டிபாடி ஒட்டாமல் போகலாம் என்பதும் மறக்கக் கூடாதது. பட்டை மங்கினால் பாஸ்பேட் குறைந்திருக்கலாம், அக்கம்பக்கத்தில் கூடியும் இருக்கலாம். இதைத் தீர்க்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும். அங்கேயும் தடை: டிரிப்சின் வெட்டுவதற்கு லைசினோ ஆர்ஜினினோ அச்சு மாறாத மடிப்பில் இல்லை. வெட்டுமிடங்களை வேண்டுமென்றே நுழைத்த வால்களை வைத்து 2016-ல் இரண்டு குழுக்கள் ஈஸ்டிலும் மனித செல்லிலும் பார்த்தபோது, செரின்-2-உம் செரின்-5-உம்தான் பெரும்பான்மை. ஒரு மடிப்பில் பெரும்பாலும் ஒரே பாஸ்பேட்தான் என்று தெரிந்தது. ஐந்து இடமும் எல்லாச் சேர்க்கையிலும் நிரம்பும் என்று போட்ட பெரிய பெரிய கணக்குகள் அதோடு அடங்கின.

கன்ட்ரோல் இரண்டு கட்டாயம். மெம்பரேனில் ஒரு துண்டை வெட்டி, 1 மில்லிமோலார் மாங்கனீசோடு லாம்டா பாஸ்படேஸில் 30 டிகிரியில் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டை மறைந்தால்தான் ஆன்டிபாடி பாஸ்பேட்டைப் பார்க்கிறது என்று பொருள். இன்னொன்று, சி.டி.கே.9-ஐத் தடுக்கும் டி.ஆர்.பி.யை 100 மைக்ரோமோலார் அளவில் ஒரு மணி நேரம் கொடுத்த செல்கள்; செரின்-2 பட்டை தெளிவாகக் குறைய வேண்டும். ஐந்தாம் பருவப் பட்டுப்புழுவின் பின் சுரப்பியில் செய்ய நினைப்பவர்கள், உள்ளே திரண்டிருக்கும் பட்டுக்கூழை நீக்கி, நியூக்ளியஸைத் தனியாகப் பிரித்த பிறகே ஜெல்லுக்குப் போவது நல்லது. இல்லாவிட்டால் லேனில் ஃபைப்ராயின் நிறைந்து, பக்கத்திலேயே நிற்க வேண்டிய பாலிமரேஸ் காணாமல் போகும். தோலுரிக்கும் புழுவையும் தின்னும் புழுவையும் ஒப்பிடும்போது செரின்-2 பட்டையை மட்டும் படம் பிடித்து ஒப்பிடக் கூடாது. மொத்த ஆர்.பி.பி.1 எவ்வளவு என்று அதே மெம்பரேனில் பார்த்து, அதனோடு விகிதம் எடுத்தால்தான் பாலிமரேஸ் குறைந்ததா, அதன் வாலில் பாஸ்பேட் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும்.